தோளில் பொருந்தட்டும், மற்றது தளரட்டும்

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் ஆகஸ்டிலும், தலவில புனித அன்னம்மாள் ஆலய வளவு ஓர் ஊராகவே மாறிவிடுகிறது. இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோர மணலில், மரநிழல் கிடைத்த இடத்திலெல்லாம் கூடாரம் எழும்பும். பானை, பாய், கைக்குழந்தை சகிதம் வரும் குடும்பங்கள் நாட்கணக்கில் அங்கேயே சமைத்து, உறங்கி, பூசை காண்கின்றன. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் கூடும் இடம் அது. பகல் வெயில், உப்புக் காற்று, கால் புதையும் மணல், ஆயிரக்கணக்கானோரின் நெருக்கம். ஓர் உடுப்பு உடம்புக்கு ஒத்துவருமா வராதா என்று சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் கிடைப்பது அரிது.

அந்தச் சோதனையில் முதலில் தோற்பது, திருவிழாவுக்கென்று அவசரமாக வாங்கிய இறுக்கமான உடுப்புத்தான். அக்குளை அறுக்கும் சட்டை, பாயில் சம்மணமிட விடாத களிசான், வியர்வை கண்டதும் முதுகில் ஒட்டிக்கொள்ளும் பொலியெஸ்டர். வெயில் ஏற ஏற, உடம்பு வீட்டுச் சாரத்தையும் பழகிய பருத்திச் சட்டையையும் கேட்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் நாம் மதிக்கும் இந்தச் சுகத்தை, வாசல் தாண்டும்போது மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? தளர்வாக உடுத்துவதும் வடிவாக உடுத்துவதும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது?

சொன்னவர்கள் பலர். ஆனால் வெயில் அவர்கள் பக்கம் இல்லை.

1980இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பாலைவனத்தில் வாழும் பெதூயின் மக்கள் சுடுவெயிலில் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதே கேள்வி. கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, படைச் சீருடை, அரைக் காற்சட்டை என்று மாற்றி மாற்றி அணிவித்து, ஒருவரை நெகெவ் பாலைவனத்து நண்பகல் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புத் துணி கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் தோலைச் சென்றடைந்த வெப்பம் கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் ஒரே அளவாக இருந்தது. துணிக்கும் தோலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில், கூடுதல் வெப்பம் உடம்பைத் தொடும் முன்பே கழிந்துபோனது. நிறத்தைப் பற்றிய நம் கவலையில் பாதியை, உடுப்பின் தளர்வைப் பற்றிய கவலையாக மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதில் நமக்குரிய செய்தி.

பாலைவனக் காற்று வறண்டது. புத்தளக் கரைக் காற்றில் ஈரம் மிகுதி. இங்கே வியர்வை சுலபத்தில் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. எனவே உடுப்புக்குள் காற்று நுழைந்து வெளியேறும் வழி இங்கே இன்னும் முக்கியமாகிறது: கழுத்து, கைவாய், கீழ் விளிம்பு ஆகிய மூன்றும் திறந்திருக்க வேண்டும். துணியும் கணக்கில் வரும். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தைத் தாங்கி வைத்திருக்கும். பொலியெஸ்டர் தாங்குவது 0.4 சதவீதம். நெருக்கமாக நெய்த பொலியெஸ்டரை இறுக்கமாகப் போட்டால் வியர்வை போக இடமின்றித் தோலிலேயே நிற்பது இதனால்தான். பருத்திக்கும் ஒரு குறை உண்டு. நனைந்தால் மெதுவாகத்தான் காயும். ஆகவே தடித்த பருத்தியைவிட வொயில் போன்ற மெல்லிய நெசவு கடற்கரைக்கு ஏற்றது.

இனி உடம்பின் கதைக்கு வரலாம்.

கத்தோலிக்க மரபில் அன்னம்மாள் மரியாளின் தாய். பிள்ளை வரம் வேண்டுவோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவரே பாதுகாவலி. கடலோடிகளுக்கும் அவர்தான், தையல் வேலை செய்யும் பெண்களுக்கும் அவர்தான். தலவிலைக்கு நேர்த்தி வைத்து வரும் பெண்களில் பலர், உடம்பு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் வருகிறவர்கள். வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள், கைப்பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வருகிறவர்கள். 'உங்கள் உடல்வகை எது, அதற்கு எந்த உடை' என்று பட்டியல் போடும் அலங்காரக் குறிப்புகள் இவர்கள் விஷயத்தில் தடுமாறிப் போகும். இருபத்தைந்து வயதில் இருந்த உடம்பு, முதல் பிள்ளைக்குப் பின்னர் வேறு. ஐம்பதில் இன்னும் வேறு. எந்த வயதுக்குரியதை 'உன் இயல்பான உடல்' என்று எடுத்துக்கொள்வது?

இதற்கு ஓரளவு பயனுள்ள பதிலைத் தந்தவர் அமெரிக்க உடை அலங்கார ஆலோசகர் டேவிட் கிபி. நியூயார்க்கில் தொழில் செய்த அவர் 1987இல் 'மெட்டமார்ஃபொசிஸ்' என்ற நூலை வெளியிட்டார். டிராமாட்டிக், நேச்சுரல், கிளாசிக், கமீன், ரொமான்டிக் என்று ஐந்து குடும்பங்கள், அவற்றுக்குள் 13 வகைகள் என்று பெண்களின் உருவ அமைப்பை அவர் பிரித்தார். அண்மை ஆண்டுகளில் இளம்பெண்கள் அந்தப் பழைய நூலைத் தேடிப் பிடித்து மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் 'நேச்சுரல்' என்று குறிப்பிடும் உடலமைப்பு இப்படி: தோள் சற்று அகன்றிருக்கும், எலும்பின் முனைகள் கூர்மையாகவும் இல்லாமல் உருண்டும் இல்லாமல் சற்று மழுங்கித் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு விறைப்பான, இடுப்பை நெருக்கும் உடுப்பு பொருந்தாது. தோளிலிருந்து இயல்பாகத் தொங்கும், ஓரங்கள் மென்மையான உடுப்பே பொருந்தும் என்பது அவர் கணிப்பு. கரைவலை இழுக்கும் ஆணையும், கற்பிட்டி மணல் தோட்டத்தில் குனிந்து வெங்காயம் பிடுங்கும் பெண்ணையும் பார்த்தால், இந்த வருணனை எவ்வளவோ பேருக்குப் பொருந்துவது தெரியும்.

13 வகை என்பது அறிவியல் அல்ல. ஒரு கூர்ந்த கண்ணின் அனுபவம் மட்டுமே. 'நான் எந்த வகை' என்று மாதக்கணக்கில் கண்ணாடி முன் நின்று கவலைப்படுவதால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கிபியின் கணிப்பில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். சதை கூடும், குறையும், இடம் மாறும். வளர்ந்த ஒருவரின் எலும்புச் சட்டகம் அப்படி மாறுவதில்லை. தோளின் அகலம், கையின் நீளம், கழுத்திலிருந்து இடுப்பு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றும் இருபதிலும் ஐம்பதிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உடுப்பை எலும்புக்குப் பொருத்தித் தைக்க வேண்டும். சதைக்கு இடம் விட வேண்டும்.

தளர்ந்த உடுப்பு 'தொளதொள' என்று அசிங்கமாகத் தெரிவதற்கும் அழகாக விழுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தோள் மூட்டில்தான் இருக்கிறது. தன் அளவைவிட இரண்டு அளவு பெரிய சட்டையைப் போட்டால் தோள்தையல் மேற்கைக்கு இறங்கிவிடும். கழுத்து பின்னால் சரியும். கை மணிக்கட்டைத் தாண்டும். இரவல் வாங்கிய உடுப்புப் போலத் தோன்றுவது அதனால்தான். அதே சட்டையைத் தோளில் சரியாகப் பொருத்தி, மார்பிலும் வயிற்றிலும் மட்டும் அகலம் கூட்டித் தைத்தால், துணி தோளிலிருந்து நேராக இறங்கும். உடம்பின் மேட்டையும் பள்ளத்தையும் அது மறைக்கவும் முயலாது, காட்டிக்கொடுக்கவும் முயலாது. தோளை வேண்டுமென்றே இறக்கி வெட்டும் பாணியும் உண்டு. அதற்கு அக்குள் பகுதியையும் கையையும் அதற்கேற்ப வரைந்திருப்பார்கள். பெரிய அளவில் ஒன்றை வாங்கிப் போடுவதும் அதுவும் ஒன்றாகாது.

ஊர்த் தையல்காரரிடம் போகும்போது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். பெரும்பாலானோர் 'கொஞ்சம் லூசாத் தையுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். அவரும் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டிவிடுகிறார். தோளும் சேர்ந்து அகன்றுவிடுகிறது. மாறாக, 'தோள் அளவு கச்சிதமாக இருக்கட்டும், மார்புக்கு மூன்று நாலு அங்குலம் கூட விடுங்கள், இடுப்பில் பிடிப்பு வேண்டாம்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பது பலருக்கும் பழக்கம். அது வேண்டாம். உட்கார்ந்த நிலையிலும் இடுப்பையும் பிட்டத்தையும் ஒரு முறை அளக்கச் சொல்லலாம். நிற்கும்போது உள்ள அளவைவிட அது கூடுதலாக இருக்கும், பாயில் அமரும்போது கிழியாமல் காப்பதும் அந்த அளவுதான். பக்கத் தையலின் உள்ளே ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் மடித்து விட்டுவைக்கும் பழைய பழக்கத்தைக் கைவிடாத தையல்காரர் கிடைத்தால் அவரை விடக்கூடாது. உடம்பு மாறும்போது உடுப்பும் கூடவே மாறுவதற்கான வழி அந்த ஓர் அங்குலம். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைப்பதையும் மறக்கக்கூடாது. பருத்தியும் ரேயானும் முதல் சலவையில் சுருங்கும். விட்ட தளர்வெல்லாம் அங்கேயே போய்விடும்.

பால் கொடுப்பவருக்கு முன்பக்கம் திறக்கும் பொத்தான் வரிசை, கர்ப்பிணிக்கு மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து விரியும் பாவாடைப் பகுதி, தோள் அகன்றவருக்குக் கழுத்தை 'வி' வடிவில் சற்றே இறக்குவது, தோள் சரிந்தவருக்குத் தோளில் இரண்டு சிறு மடிப்பு. எல்லாம் எளிய வேலைகள். ரெடிமேட் கடையில் கிடைக்காதவை.

ரெடிமேட் அளவுகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால், அந்தச் சிறு லேபலில் உள்ள எழுத்தைப் பார்த்து யாரும் மனம் குன்ற மாட்டார்கள். 1939-40இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். வெள்ளையர் அல்லாத பெண்களையும் அளந்தார்கள். முடிவைக் கணக்கிடும்போது அவர்களுடைய அளவுகளை விலக்கிவிட்டார்கள். இந்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டு 1958இல் ஒரு வணிகத் தரம் வெளியானது. உடம்புகளோடு ஒத்துப்போகாததால் அதுவும் மெல்ல மெல்ல வழக்கொழிந்து, 1983இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளவு வைக்கிறது. ஒரு கடையில் 'மீடியம்' போடும் பெண், அடுத்த கடையில் 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' போட வேண்டியிருப்பதற்குக் காரணம் அவர் உடம்பில் இல்லை.

உடுக்கை போல இடை ஒடுங்கிய உருவம்தான் பெண்ணின் 'சரியான' வடிவம் என்ற எண்ணமும் ஆய்வில் நிற்கவில்லை. 2005இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் உடல் அளவுகளை ஆராய்ந்தபோது, அந்த வடிவம் 8 சதவீதத்தினருக்கே இருந்தது. 46 சதவீதத்தினர் தோள், இடை, இடுப்பு மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லாத நேரான அமைப்பினர். நூற்றில் எட்டுப் பேருக்குரிய வடிவத்தை மனத்தில் வைத்துத் தைத்த உடுப்பு, மற்றத் தொண்ணூற்றிரண்டு பேரையும் குறையுள்ளவர்களாக உணரவைக்கிறது. இது வடிவமைப்பின் தவறு.

நம் உடம்புகளை யார் அளந்தார்கள்? இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 2018இல் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை அறிவித்தது. கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் மூலம் அளப்பது அதன் நோக்கம். சென்னை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இலங்கையின் நிலை இன்னும் சிந்திக்கத் தக்கது. இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஆடைத் தொழிலிலிருந்து வருகிறது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்திற்குப் பிறகு, தையல் இயந்திரங்கள் கிராமங்களுக்கே வந்துவிட்டன. அந்த இயந்திரங்களில் அமரும் பெண்கள் பிற நாட்டு உடம்புகளுக்குத் தைக்கிறார்கள். மிஞ்சிய துணிமணி உள்ளூர்க் கடைகளுக்கு வரும்போது, அதே பெண்களுக்குத் தோள் பெரிதாகவும் கை நீளமாகவும் இருக்கிறது. உலகத்துக்கே தைக்கத் தெரிந்த கைகளுக்குத் தங்கள் உடம்புக்கு அளவாய் ஒன்று கிடைக்காமல் போவது வேதனையான விஷயம்.

சாரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரு முனையும் சேர்த்துத் தைத்த, ஏறக்குறைய 2 மீட்டர் சுற்றளவுள்ள துணி. ஒல்லியானவருக்கு மடிப்பு அதிகம், பருத்தவருக்கு மடிப்புக் குறைவு, வித்தியாசம் அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கும்போது மடித்துக் கட்டலாம், இரவில் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம், வயிறு நிறையச் சாப்பிட்டால் அவிழ்த்துக் கட்டலாம். அம்பாறை மாவட்டத்து மருதமுனை போன்ற ஊர்களின் கைத்தறிச் சாரங்களுக்கு இன்றும் நல்ல பெயர் இருக்கிறது. சேலையின் தத்துவமும் இதுவே: துணி தைக்கப்படுவதில்லை, உடுத்துகிறவர் தன் உடம்புக்கேற்ப ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாக அமைத்துக்கொள்கிறார். சேலையில் உடம்பை நெருக்குவது பெரும்பாலும் அதனோடு போடும் பிளவுஸ்தான். அதைத் தளர்த்தித் தைப்பது கௌரவக் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

மேற்குலகும் இந்த உண்மைக்கு வந்து சேர்ந்தது, கொஞ்சம் தாமதமாக. 1938இல் அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மக்கார்டெல் 'மொனாஸ்டிக்' என்ற உடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அல்ஜீரியப் பெண்களின் உடையைப் பார்த்து உருவாக்கியது அது. இடுப்பில் தையல் கிடையாது. தோளிலிருந்து கூடாரம் போல் இறங்கும். உடுத்துகிறவர் தன் இடை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கச்சையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இடை மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும், இடையே இல்லாதவருக்கும் ஒரே உடுப்புப் பொருந்தியது. உடனே விற்றுத் தீர்ந்தது. பல நிறுவனங்கள் நகலெடுத்தன.

இலங்கையில் இதே வழியில் நடந்தவர் பார்பரா சன்சோனி. குட் ஷெப்பர்ட் கன்னியர்கள் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த நெசவுக்கு வண்ணமும் வடிவமும் தரத் தொடங்கிய அவர், 1964இல் 'பெயார்ஃபுட்' நிறுவனத்தை ஆரம்பித்தார். கைத்தறித் துணியை அதிகம் வெட்டாமல், நேர்கோட்டில் தைத்துத் தளர்வாகத் தொங்கவிட்ட அந்த உடுப்புகள், தடித்தவர் மெலிந்தவர், இளையவர் முதியவர் என்ற பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் அமைந்தன. 2022இல் அவர் காலமானார். புத்தளத்துக்கு அடுத்த மாவட்டமான குருநாகலில், வந்துராகல என்ற ஊரில் சட்டத்தரணியான சண்ட்ரா வந்துராகல 1991இல் தொடங்கிய 'செலின்' கைத்தறி நிறுவனமும் கிராமத்துப் பெண்களின் கைகளை நம்பி வளர்ந்ததுதான். கைத்தறிக்கு விலை கூடுதல், உண்மை. எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் அந்த உடுப்புகளின் வெட்டு எளிமையானது. மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரணப் பருத்தித் துணியில் ஊர்த் தையல்காரர் எவரும் அதே முறையில் தைத்துவிடுவார்.

கற்பிட்டி, புத்தளம் பகுதி முஸ்லிம் பெண்களின் அபாயாவும் அமைப்பில் தளர்ந்த உடையே. தோளிலிருந்து இறங்குகிறது, உடம்பை நெருக்குவதில்லை, நடக்கும்போது உள்ளே காற்று புரள்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பொலியெஸ்டர் துணிதான் அதன் குறை. மெல்லிய பருத்தியிலோ பருத்திக் கலப்பிலோ தைத்துக்கொண்டால் இந்தக் கரைக்கு அது மிகப் பொருத்தமாகிவிடும்.

இவ்வளவும் தனிமனிதர் தம் விருப்பத்தில் செய்துகொள்ளக் கூடியவை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த விருப்பம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2019இல் அரச அலுவலகப் பெண்கள் சேலையோ, கண்டியச் சேலையான ஒசரியோ உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்து அது நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரச ஊழியர்கள் வசதியான எளிய உடையில் வரலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக அடக்கமான வேறு உடுப்பில் பாடசாலைக்குப் போனார்கள். பெரும் விவாதம் எழுந்தது. ஆசிரியர் உடையில் மாற்றம் இல்லை என்று அப்போதைய கல்வி அமைச்சர் சுசில் பிரேமஜயந்த கூறிவிட்டார்.

சேலை அழகான உடை. அதை விரும்பி உடுத்தும் ஆசிரியைகள் ஏராளம். ஆனால் மணல் பாதையில் நடந்து, நெரிசலான பஸ்ஸில் ஏறி இறங்கி, காற்றாடி இல்லாத வகுப்பறையில் நாள் முழுக்க நின்று கற்பிக்கும் ஆசிரியைக்கு, முழங்காலுக்குக் கீழே நீளும் ஒரு தளர்ந்த பருத்தி உடுப்பை மறுக்க எந்த நியாயமும் இல்லை. அதை அணிந்ததால் பாடம் கெட்டுவிடாது. மாணவர் மரியாதை குறைந்துவிடாது. கல்வி அமைச்சு இந்த விஷயத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சேலையை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதோடு இன்னும் ஓர் உடையையும் சேர்த்து அனுமதித்தால் போதும். எது தம் உடம்புக்கு ஒத்துவரும் என்பதை ஆசிரியைகளே தீர்மானித்துக்கொள்வார்கள்.